நெஞ்சுப் படத்தில் ஒரு பழைய தழும்பு



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டராகவும் ஃபிட்டராகவும் வேலை பழகிய வாலிபர்கள் பலர் வளைகுடா நாடுகளுக்குப் போக விரும்புகிறார்கள். விசாவுக்கு முன்பு, அந்நாடுகளின் ஒப்புதல் பெற்ற மையத்தில் உடல் பரிசோதனை உண்டு. அங்கே “அன்ஃபிட்” என்று எழுதப்பட்டு, எக்ஸ்ரே படத்தோடு எங்களிடம் வந்து நிற்கிறவர்களைப் பற்றியே இதை எழுதுகிறோம். “டாக்டர், எனக்கு டி.பி.யா?” என்பதே முதல் கேள்வி. அதன் பின்னால் அடகு வைத்த நகை இருக்கிறது.

சிலருக்கு நோயே இல்லை. முன்பு வந்து ஆறிய காசநோய், காயத்தின் வடுவைப்போல நுரையீரலில் தழும்பை விட்டுப்போகும். வந்ததே தெரியாமல் ஆறியதும் உண்டு. திருவள்ளூர் வட்டாரத்துக்குக் காசநோய் புதியதல்ல; 1968இல் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு நடந்ததே இங்கேதான். ஆனால் வளைகுடா விதி தழும்பையும் நோயையும் ஒன்றாகவே எண்ணுகிறது. பிரிட்டன் விசாவுக்கோ, படத்தில் சந்தேகம் இருந்தால் சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்கு 8 வாரம் வரை ஆகலாம். கிருமி இல்லையென்றால் சான்றிதழ் கிடைக்கும். இதுவே நியாயம் என்பது எங்கள் எண்ணம்.

படமே தவறாக இருப்பதும் உண்டு. மூச்சை முழுவதும் இழுக்காமல் எடுத்தாலும், கழுத்துக் கயிற்றைக் கழற்றாமல் எடுத்தாலும் நிழல் விழும். ஆகவே முதலில் நாங்கள் வேறு படம் எடுக்கிறோம். பழைய படம் வீட்டில் இருந்தால் தேடிக் கொண்டுவரச் சொல்கிறோம். இரண்டிலும் நிழல் மாறாதிருந்தால் அது நல்ல சாட்சி. பிறகு சளிப் பரிசோதனை. அரசு காசநோய்ப் பிரிவில் இது இலவசம். கிருமி இருந்தால் மாத்திரை, வழக்கமாக 6 மாதம். கிருமியும் நோய்க்குறியும் இல்லாதவருக்குப் “படம் சுத்தமாக” மாத்திரை கொடுக்கமாட்டோம். தழும்பு மாத்திரையால் மறையாது.

முடிவுகளோடு மையத்துக்குக் கடிதம் தருகிறோம். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில், மறுத்ததே அதிகம்.

அப்போதுதான் தரகர் வருவார், வேறொருவர் படத்தை வைத்து “ஃபிட்” வாங்கித் தருவதாக. நம்ப வேண்டாம். அங்கே போய் இறங்கிய பின்பும் பரிசோதனை உண்டு. அதில் தவறினால் கடனோடு திரும்பவேண்டும். பதிவுபெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.

உங்கள் வீட்டில் யாராவது காசநோய்ச் சிகிச்சை முடித்திருந்தால், அந்தச் சீட்டையும் கடைசி எக்ஸ்ரேயையும் எறிந்துவிடாதீர்கள்.