பழியும் பிழையும்

பழிக்குப் பழி வாங்கும் கதைகளைப் படிக்கும்போது, "கெட்டவன் யார்?" என்றே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். அந்தக் கேள்வி போதாது. "ஆராயாமல் செயல்பட்டவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள், நண்பர்களே! கதை வேறு முகம் காட்டும்.

கல்லூரியில் எனக்கு ஹாம்லெட் பாடம். இரவில் தாராவி வீட்டில் நானாக விரும்பிப் படித்தது சிலப்பதிகாரம். இரண்டையும் ஒரே மாதத்தில் படித்ததால் எழுந்த எண்ணம் இது.

கோவலனிடமிருந்து தொடங்குவோம். அவன் கொடியவன் அல்லன். வாரி வழங்கியவன், பிறர் துயர் கண்டு உருகியவன். ஆனால் மனம் ஒருநிலையில் நில்லாதவன். புகாரின் கடற்கரையில் மாதவி பாடிய கானல்வரிப் பாட்டைக் கேட்டான். அவள் உள்ளம் வேறொருவன்பால் சென்றதாக முடிவு கட்டினான். "ஏன் இப்படிப் பாடினாய்?" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எழுந்து போனான்.

பாண்டியன் நெடுஞ்செழியனும் கொடுங்கோலன் அல்லன். ஆடல் மகளிர் காரணமாக அரசிக்கு ஊடல். அதைத் தணிக்க விரைந்துகொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்துப் பொற்கொல்லன் வருகிறான். களவு போன சிலம்போடு கள்வன் அகப்பட்டான் என்கிறான். கள்வனின் உயிரைப் போக்கிச் சிலம்பை மீட்டுவரும்படி காவலரிடம் சொல்லிவிட்டு அரசன் நகர்ந்துவிடுகிறான். அவனைக் கெடுத்தது கொடுமை அன்று, அவசரம்.

பொற்கொல்லன்? அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே. தான் பிடிபடாதிருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஊருக்குப் புதியவனான கோவலன் கிடைத்தான். அவனைத் தூண்டியது பகை அன்று, அச்சம்.

இனி ஹாம்லெட்டைப் பார்ப்போம். ஷேக்ஸ்பியர் 1600ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய இந்நாடகத்தை, 'அமலாதித்யன்' என்ற பெயரில் தமிழ் மேடைக்குத் தந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். ஹாம்லெட் தயங்கித் தயங்கிக் கெட்டான் என்பார்கள். அது பாதி உண்மை. தந்தையின் ஆவி சொன்னதை அப்படியே நம்பிவிடாமல், அரசன் முன் ஒரு நாடகத்தை நடிக்கச் செய்து குற்றத்தை உறுதி செய்துகொண்டானே, அது அறிவுடைமை அன்றோ? திரைக்குப் பின்னே நின்றவர் யார் என்று பாராமல் வாளைச் செலுத்திய நொடியில்தான் அவன் தவறினான். மாண்டவன் அரசன் அல்லன், முதியவர் பொலோனியஸ். அவர் மகன் லேயர்டீஸ் பழி தீர்க்கக் கிளம்பினான். அரசனின் சூழ்ச்சிக்கு உடன்பட்டு வாள்முனையில் நஞ்சு தடவினான். இறுதியில் இருவரையும் அந்த ஒரே வாள் கொன்றது.

கண்ணகி இவர்களினும் உயர்ந்து நிற்கிறாள். பாண்டியன் அவைக்கு அவள் சினத்தோடு வந்தாள், சான்றோடும் வந்தாள். அரசியின் சிலம்பில் முத்து. அவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினாள். அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர் விட்டான். அரசியும் உயிர் துறந்தாள். நீதி அங்கே முடிந்தது. சினம் முடியவில்லை. முதியோரையும் குழந்தைகளையும் விலக்கித்தான் தீயை ஏவினாள். எனினும் வெந்தது ஒரு நகரம். பின்னர், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் அவள் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்ததாக நூல் கூறுகிறது. பிழைத்தவன் ஒருவன். ஆயிரவர் செய்த பிழை என்ன?

இதை நான் வெறும் ஏட்டறிவால் சொல்லவில்லை. என் தந்தையார் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் பதினொரு ஆண்டு வேலை பார்த்தவர். ஒரு நாள் தோல் கணக்கு குறைகிறது என்றார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் திருடன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு நான் இரும்புக் கம்பியோடு புறப்பட்டேன். அம்மா வாசலில் குறுக்கே நின்றாள்.

"எங்கலே போற? ராத்திரி அங்க படுத்துக் கெடக்கது யாருன்னு தெரியுமா? நம்ம பக்கத்து வீட்டுப் பயதாம்லே. மொத அடி அவன் தலையிலதான் விழும்."

கம்பியைக் கீழே வைத்தேன். திரைக்குப் பின்னே இருப்பவர் யார் என்று ஹாம்லெட்டுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு என் தாய் இருந்தாள்.

மறுநாள் அப்பா, தாம் நாள்தோறும் குறித்து வைத்த சிறு நோட்டை எடுத்துக்கொண்டு போனார். வெட்டி வைத்த துண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது தெரிந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால், 'திருடன்' என்ற சொல்லை எல்லார் முன்னிலையிலும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். "அது போதும்" என்றார் அப்பா. எனக்கு இன்றும் போதவில்லை. அந்தப் போதாமை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதைத்தான் இரு நூல்களும் எனக்குக் காட்டின.

அநீதி கண்டு சினவாதவன் மனிதன் அல்லன். ஆனால் அந்தச் சினம் அவைக்குப் போகும்போது அதன் கையில் ஒரு சிலம்பு இருக்கட்டும். உண்மை வெளிப்பட்ட பிறகு, தீயைக் கேளாமல் திரும்பிவரும் வலிமையும் நமக்கு இருக்கட்டும்.