சான்று யார் பெயரில்?

ஜவ்வாது மலைச் சாமைக்கும் தேனுக்கும் வெளிநாட்டில் வாங்குவோரைத் தேடுமுன் அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களின் குழுக்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சரக்கின் ஆவணங்கள் யார் பெயரில் இருக்கின்றன என்பதே. ஏற்றுமதிக்குத் தயாராவது என்றாலே இயந்திரம், அழகான பை, கண்காட்சி என்றுதான் பேசுகிறோம். ஆனால் வெளிநாட்டார் கேட்பது சரக்கு வந்த வழியின் கணக்கை. தனி வரம்பு குறிக்காத பூச்சிமருந்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் உச்சம். மருந்தே அடிக்காத கொல்லையின் சாமையும், மருந்து வைத்த அறையில் கிடந்த சாக்கில் கட்டினால் சோதனையில் தோற்கலாம். எந்த ஊர், யார் நிலம், உமி நீக்கிய நாள் எது என்று குறித்திருந்தால் இழப்பு ஒரு சிப்பத்தோடு நிற்கும்; இல்லையேல் மொத்தச் சரக்கும் சந்தேகத்துக்குள்ளாகும்.

அந்தக் கணக்கும் சான்றும் குழுவிடமே இருக்க வேண்டும். உழவர்கள் ஒருவரையொருவர் சரிபார்த்துத் தரும் பிஜிஎஸ் சான்று உள்நாட்டு விற்பனைக்கு உதவும். அங்ககப் பொருள் என்று வெளிநாடு அனுப்ப, தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் (என்பிஓபி) சான்று தேவை. அந்தச் சான்றுக்கான செலவை ஏற்ற வியாபாரியின் கையிலேயே சான்றும் இருந்தால், அங்ககப் பொருள் என்று வேறொருவரிடம் விற்க வழியில்லை. விலையை அவரே வைப்பார். 2025 ஜனவரியில் வெளியான என்பிஓபி எட்டாம் பதிப்பு உழவர் குழுக்களுக்கே சட்டத் தகுதி தந்திருப்பதால் இந்தப் பிடி தளர இடமுண்டு. காட்டுப் பொருளுக்கு இன்னும் வலுவான உரிமை இருக்கிறது. தேன், கடுக்காய் போன்றவற்றின் உடைமையை, மரபாகச் சேகரித்துவரும் வனவாசிகளுக்கே 2006 வன உரிமைச் சட்டம் தருகிறது. அவற்றை எடுத்துச்செல்லும் வழியைத் தலைச்சுமை, மிதிவண்டி, கைவண்டி என்று 2008 விதிகள் குறுக்கியதை 2012 திருத்தம் விரித்து, தகுந்த வாகனத்தில் காட்டுக்கு வெளியே கொண்டுசெல்லவும் இடம் கொடுத்தது.

சிறு குழுவுக்கு இதெல்லாம் முடியுமா என்பது நியாயமான கேள்வி. முதல் நாளே கப்பலேற்றத் தேவையில்லை. ஏற்றுமதி வணிகருக்கு விற்றுப் பழகலாம். அவர் பணத்தை இழுத்தடித்தால், அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 2006 குறு, சிறு, நடுத்தர நிறுவன வளர்ச்சிச் சட்டம் துணை நிற்கும். ஒப்பந்தத்தில் எழுதினாலும் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது; தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவன வசதி மன்றத்தில் முறையிடலாம். சரக்கு கொடுக்கும் முன்பே பதிவு செய்திருப்பது முக்கியம். வெளிநாட்டுக்காரர் ஏமாற்றினால் இந்தச் சட்டம் எட்டாது. அதற்கு ஏற்றுமதிக் கடன் காப்பு நிறுவனமான இசிஜிசியின் காப்பீடு வேண்டும். ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண்ணுக்கு வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் (டிஜிஎஃப்டி) தளத்தில் கட்டணம் 500 ரூபாய்தான். போலித் தளத்தில் பணம் போனால் உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

சாமை கப்பலேறினால் மலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவலை எனக்கும் உண்டு. வீட்டுக்கும் விதைக்கும் எடுத்துவைத்த மிச்சமே விற்பனைக்கு என்று குழு தன் விதியிலேயே எழுதிக்கொள்ளலாம். ஆவணம் தன் பெயரில் உள்ள குழுவால்தான் அந்த விதியைக் காக்க முடியும்.