குஞ்சு பொரிப்புப் பெட்டிக்கு ஏற்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி

அடைக்கோழி கிடைக்காதபோது மரப்பெட்டியில் குண்டு பல்பைப் பொருத்தி, வீட்டிலேயே நாட்டுக்கோழி முட்டைகளைப் பொரிக்க வைப்போர் உண்டு. பெட்டி செய்வது எளிது. ஆனால் 21 நாட்கள் காத்திருந்தும் முட்டைக்குள்ளேயே குஞ்சு இறந்து கிடந்தால், முதலில் சோதிக்க வேண்டியது வெப்பக் கட்டுப்பாட்டைத்தான்.

விசிறி உள்ள பெட்டியில் வெப்பநிலை 37.5 டிகிரி செல்சியஸ் (99.5 பாரன்ஹீட்) இருக்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடு கூடுதலாகவும் கீழே குறைவாகவும் இருக்கும். ஆகவே அதில் முட்டைகளின் மேல்மட்டத்தில் 38.5 டிகிரி தேவை. சற்றுக் குறைந்தால் பொரிப்பது தாமதமாகும். கூடினால் கரு இறந்துவிடும்.

சிலர் மின்விசிறி ரெகுலேட்டரைக் கொண்டு பல்பின் ஒளியைக் குறைத்து வைக்கின்றனர். இது கட்டுப்பாடு ஆகாது. பகலில் சரியாக இருந்த பெட்டி இரவுக் குளிரில் ஆறிவிடும். மின் அழுத்தம் உயர்ந்தால் சூடேறிவிடும். வெந்நீர்க் கொதிகலனில் உள்ள தெர்மோஸ்டாட்டும் வேண்டாம். அது அணைவதற்கும் மீண்டும் எரிவதற்கும் இடையே பல டிகிரி வேறுபாடு இருக்கும். குளிக்கும் நீருக்கு அது போதும், முட்டைக்குப் போதாது.

உணர்முனையுடன் கூடிய டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டே ஏற்றது. வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், ஏற்ற இறக்க வேறுபாட்டை அரை டிகிரிக்கும் குறைவாக அமைக்க முடியுமா என்று கேளுங்கள். மின்சுமையைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு அரை ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். ஒரு 100 வாட் பல்புக்குப் பதில் இரண்டு 40 வாட் பல்புகளை இணையாக இணைப்பது நல்லது. ஒன்று பழுதானாலும் பெட்டி முழுவதும் குளிராது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

உணர்முனை முட்டைகளின் மேல்மட்டத்தில், பல்பின் ஒளி நேரே படாத இடத்தில் இருக்க வேண்டும். பல்பின் அருகே வைத்தால் முட்டைகள் சூடாகும் முன்பே பல்பு அணைந்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கருவியினுள் உள்ள ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் பல்பு அணையாது. ஓர் இரவில் அத்தனை முட்டைகளும் வீணாகும். எனவே இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை 1 டிகிரி கூடுதலாக அமைத்து, முதலாவதுடன் தொடராக இணையுங்கள். முதலாவது தவறினாலும் இது மின்சாரத்தைத் துண்டிக்கும். பெட்டியில் தண்ணீர்த் தட்டும் இருப்பதால் இணைப்பு வேலையை மின்பணியாளரைக் கொண்டு செய்து, எர்த் கம்பியும் கொடுக்க வேண்டும்.

முட்டை வைக்கும் முன் தண்ணீர்த் தட்டுடன் காலிப் பெட்டியை ஒரு நாள் முழுவதும் ஓட விடுங்கள். கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், வேறொரு நல்ல வெப்பமானியை உணர்முனையின் பக்கத்திலேயே வைத்து, காலை, நண்பகல், விடியற்காலை என மூன்று வேளையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.