விளையாட்டுப் பையில் தனித் துண்டு இருக்கிறதா?

விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு இல்லாத நாள் உண்டா? நாமும் கழுவிவிட்டு, "ஒண்ணுமில்லேடா, ஆறிடும்" என்று சொல்லி அடுத்த வேலையைப் பார்க்கிறோம். சரிதான். ஆனால் அடுத்தவர் ரத்தம் அந்தக் காயத்தில் பட்டால்?

எங்கள் தெருவில் ஒரு பெண்ணைக் கபடிக் குழுவிலிருந்தே நிறுத்தப் பார்த்தார்கள். "மத்தவங்க ரத்தம் பட்டு ஏதாவது வந்துட்டா என்னக்கா பண்றது?" என்று அவள் அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

ரத்தத்தால் பரவுபவற்றில் முக்கியமானவை மூன்று: ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இவற்றில் எச்.ஐ.வி. என்றாலே நாம் நடுங்குகிறோம். ஆனால் வியர்வையாலோ, கை குலுக்குவதாலோ, ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதாலோ அது பரவாது. விளையாட்டில் அது தொற்றுவது அரிதிலும் அரிது. அதிகம் கவனிக்க வேண்டியது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைத்தான். உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட அது ஏழு நாளாவது பிழைத்திருக்கும்!

ஸ்வீடனில் நடந்தது

வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் வழி தேடி ஓடும் பந்தயம் ஸ்வீடனில் பிரபலம். 1957 முதல் சில ஆண்டுகள் அந்தப் பந்தயக்காரர்களிடையே மஞ்சள் காமாலை பரவியது. 500 பேருக்கும் மேல் பாதிக்கப்பட்டார்கள். ஒருவரோடொருவர் மோதும் ஆட்டமே இல்லையே, பின் எப்படி? முள்ளும் கிளையும் கீறிய கால்களை, ஓடி முடித்ததும் பலரும் ஒரே தண்ணீரில் கழுவியதுதான் வழி என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். அதன்பின் காலை மூடும் உடை கட்டாயமாயிற்று.

பார்த்தீர்களா? ஆட்டத்தை மட்டும் சந்தேகித்தால் போதாது. மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் பொதுப் பக்கெட்டையும், கைமாறும் துண்டையும் கவனிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

* பையில் தனித் துண்டு, தனித் தண்ணீர் பாட்டில், சோப்பு, நாலைந்து பிளாஸ்திரி வைத்தனுப்புங்கள். வளர்ந்த பையன்களுக்கு ஷேவிங் பிளேடும் தனியாக இருக்கட்டும்.

* பழைய காயத்தை மூடிய பிறகே ஆடப் போகட்டும். ரத்தம் வந்தால் உடனே வெளியே வந்து, கழுவிக் கட்டிக்கொள்ள வேண்டும். கால்பந்தில் இது சட்டமே!

* காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காப்பிப் பொடியை அப்பாதீர்கள்.

* அடுத்த பிள்ளைக்குக் கட்டுப் போடும்போது கையில் உறை போடுங்கள். இல்லாவிட்டால் சுத்தமான பாலிதீன் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

* தரையில் சிந்திய ரத்தத்தைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து ஊற்றி, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். பாத்ரூம் ஆசிட்டை இதில் கலக்கவே கூடாது. விஷ வாயு வரும்.

* திறந்த காயத்திலோ கண்ணிலோ பிறர் ரத்தம் பட்டுவிட்டால், நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

தடுப்பூசி அட்டையை எடுங்கள்

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் இப்போது மாத்திரையாலேயே பெரும்பாலோருக்குக் குணமாகிறது. ஹெபடைடிஸ் பி-க்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. நம் நாட்டில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று போடுகிறார்கள். பிறகு 6, 10, 14 வாரங்களில் மற்ற ஊசிகளோடு சேர்த்துப் போடுகிறார்கள். கைக்குழந்தைக்காரர்கள் இதில் ஒன்றைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கைக்குழந்தைப் பருவத்தில் இந்தக் கிருமி தொற்றினால் பெரும்பாலும் ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது.

பெரிய பிள்ளைகளின் அட்டையில் இந்த ஊசி விட்டுப்போயிருந்தால், இப்போதும் போடலாம். வழக்கமாக மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

ஆட்டத்தை நிறுத்தினால் பிள்ளையின் உடம்பும் உற்சாகமும்தான் போகும். நிறுத்த வேண்டியது கைமாறும் துண்டை மட்டும்தான். என்ன சகோதரிகளே, சரிதானே?