தனியொப்பந்தமும் கூட்டொப்பந்தமும்: விமானிகளின் வழக்கு

திராட்சத்தோட்டத்து எஜமான் அதிகாலையிலே புறப்பட்டு, நாளொன்றுக்கு ஒரு பணம் கூலியெனப் பேசி ஆட்களை அழைத்துவந்த உவமையை நம் மாணவர் யாவரும் அறிவர். பின்னர் வந்தவர்களோடு கூலி இவ்வளவென்று பேசப்படவேயில்லை. நியாயமானதைத் தருவதாக எஜமான் உரைத்த சொல்லையே நம்பி அவர்கள் தோட்டத்துட் சென்றனர். மாலையிலே, முந்தி வந்தோர் பலரும் முறுமுறுத்தபோது, எஜமான் அவர்களுள் ஒருவனை நோக்கியே விடை பகர்ந்தான் என்று சுவிசேஷகர் எழுதுகின்றார். இவ்வுவமையின் ஆவிக்குரிய பொருள் வேறு. அதனுள் நாம் ஈண்டுப் புகவில்லை. முறுமுறுத்தோர் பலராயிருக்க, விடை ஒருவனுக்கே அளிக்கப்பட்டது என்னும் அச்சிறு குறிப்பையே நாம் எடுத்துக்கொண்டோம். வேலைகொள்வோனுக்கும் வேலைசெய்வோனுக்கும் இடையே நிகழும் உடன்படிக்கை ஒருவனோடு ஒருவன் செய்வதா, பலரோடு ஒருங்கே செய்வதா என்னும் வினா அக்குறிப்பிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

தனியொப்பந்தமாவது, கம்பெனியார் ஒருபுறமும் தொழிலாளி ஒருவன் மறுபுறமுமாக நின்று, சம்பளம், வேலைநேரம், விடுமுறை, நீக்கம் முதலியவற்றைத் தமக்குள் வரையறுத்துக்கொள்வது. கூட்டொப்பந்தமாவது, தொழிலாளர் அனைவர்க்கும் பிரதிநிதியாகச் சங்கம் நின்று பேசி முடிப்பது. அதன் விதிகள், உறுப்பினர் ஒவ்வொருவரையும் ஒரே அளவாய்க் காக்கும், ஒரே அளவாய்க் கட்டும். முன்னையதில் திறமை மிக்கவன் தன் திறமைக்குத் தக்க விலை கேட்கலாம் என்பர். பின்னையதில் திறமை குறைந்தவனும் மிகுந்தவனும் ஒரே படியில் நிற்க நேர்கின்றது என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் பொதுவாக ஆராய்ந்தால் முடிவு காண்டல் அரிது. ஆதலின் விமானமோட்டும் தொழிலொன்றையே எடுத்துக்கொண்டு நோக்குவாம். விமானிகள் நல்ல சம்பளம் பெறுவோர். கல்வியும் பயிற்சியும் நிரம்பியவர். ஆலைத்தொழிலாளியைப் போல இரங்கத்தக்க நிலையினர் அல்லர். சங்கமின்றித் தனித்து நின்று பேசவல்லார் எத்தொழிலிலேனும் உளரென்றால், இவர்களே அவராதல் வேண்டும். அங்ஙனமிருக்க, உலகிலே மிக உறுதியான தொழிற்சங்கங்களுட் சில இவர்களுடையனவாயிருப்பது ஏன்?

முதற்காரணம் பணிமூப்பு. பெரும்பாலான பெரிய கம்பெனிகளில் விமானிகளின் பெயர்கள் சேர்ந்த நாள் வரிசைப்படி ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். எவன் துணை விமானியாயிருப்பான், எவன் காப்டனாவான், எவன் பெரிய விமானத்தை ஓட்டுவான், பண்டிகைக் காலத்தில் எவனுக்கு விடுமுறை, வேலையாட்களைக் குறைக்க நேர்ந்தால் எவன் முதலிற் போவான் என்னும் யாவற்றையும் அப்பட்டியலே தீர்மானிக்கும். இருபது ஆண்டு ஒரு கம்பெனியிற் காப்டனாயிருந்தவன் வேறொன்றிற் சென்று சேர்ந்தால், பெரும்பாலும் அங்குள்ள பட்டியலின் அடியிலேயே அவன் பெயர் ஏறும். இஞ்சினீயரும் வைத்தியரும் தம் அநுபவத்தைச் சுமந்துகொண்டு இடம் மாறுவர். விமானி அதனை வாயிலிலே இறக்கிவைத்துவிட்டு உட்புக வேண்டும். போய்விடுவேன் என்று சொல்லக்கூடியவனுக்கே தனிப்பேரத்தில் வலிமை உண்டு. அவ்வலிமை இவனுக்கு இல்லை. இதிலே ஒரு விநோதமும் உண்டு. பணிமூப்பு என்னும் இக்கட்டு பெரிதும் சங்கங்கள் தாமே கேட்டு வாங்கியது. கூட்டொப்பந்தம் விமானியைக் கம்பெனியோடு பிணித்தது; அப்பிணிப்பே கூட்டொப்பந்தத்தை அவனுக்கு இன்றியமையாததாக்கிற்று. இளைஞர் இதனைக் குறித்து முறையிடுவதில் நியாயமில்லையென்று நாம் சொல்லமாட்டோம்.

இரண்டாங்காரணம் வேலைநேரம். விமானி ஓராண்டில் எத்தனை மணி பறக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு சர்க்காரும் எல்லை வகுத்துள்ளது; அமெரிக்காவில் அது 1,000 மணி. ஆயின் இஃது உச்சவரம்பேயன்றித் தக்க அளவன்று. வரம்பின் விளிம்பு வரையில் ஒருவனை ஓட்டலாமா, விடியற்காலப் பறப்புக்கும் நள்ளிரவுப் பறப்புக்கும் இடையே எவ்வளவு ஓய்வு, வேற்றூரில் தங்கும் நாள் எத்தனை என்பவற்றை ஒப்பந்தமே நிரப்புகின்றது. மேலும், களைத்திருக்கின்றேன், இன்று பறவேன் என்று சொல்லுதல் விமானியின் உரிமை மாத்திரமன்று, கடமையுமாகும். அதனைச் சொல்வதால் தன் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதோ என்று அஞ்சுகின்ற ஒருவன், சொல்லவேண்டிய வேளையில் வாய்மூடியிருத்தல் கூடும். அவன் பின்னே அமர்ந்திருக்கும் பிரயாணிகளுக்கு ஒப்பந்தத்தின் வாசகம் தெரியாது. எனினும் அது அவர்களையும் பற்றியதே. இவ்வழக்கின் மெய்யான கனம் சம்பளத்தில் இல்லை, இங்கேதான் உள்ளது என்பது நம் கருத்து.

விமானிகளின் சங்கம் அமெரிக்காவில் 1931-ஆம் ஆண்டு டேவிட் பெங்கே என்னும் விமானியின் முயற்சியால் தோன்றிற்று. மறு ஆண்டிலேயே அதற்குச் சோதனை வந்தது. சிகாகோ நகரில் செஞ்சுரி ஏர்லைன்ஸ் என்னும் கம்பெனியை நடத்திய கார்டு என்னும் செல்வர், விமானிகளின் சம்பளத்தைக் குறைக்கக் கருதி, ஒவ்வொருவரும் ராஜிநாமாக் கொடுத்துவிட்டுப் புதிய சம்பளத்துக்குத் தனித்தனியே விண்ணப்பிக்கும்படி கட்டளையிட்டார். விமானிகள் மறுத்தனர். கார்டின் கம்பெனி நீடிக்கவில்லை, சங்கம் நிலைத்தது. 1936-இல் இருப்புப்பாதைத் தொழிலாளருக்கென இயற்றப்பட்டிருந்த சட்டம் விமானத்தொழிலுக்கும் விரிக்கப்பட்டு, கூடிப் பேசும் உரிமை அங்குச் சட்டத்தால் உறுதியாயிற்று. ராஜிநாமாவும் தனி விண்ணப்பமும் முதலாளியின் கையிலிருந்த கருவிகள் என்பதை வாசகர் நினைவிற் கொள்க. ஐம்பத்தேழு ஆண்டுக்குப் பின் வேறொரு கண்டத்தில், முன்னதை விமானிகள் தாமே எடுத்து முதலாளிகளின் கையிற் கொடுத்த கதையை இனிச் சொல்லப்போகின்றோம்.

ஆஸ்திரேலியாவில் 1989-ஆம் ஆண்டு உள்நாட்டு விமானப் போக்குவரத்து பெரும்பாலும் இரண்டு பெருங்கம்பெனிகளின் கையில் இருந்தது: சர்க்காருக்குச் சொந்தமான ஆஸ்திரேலியன் ஏர்லைன்ஸ் ஒன்று, அன்ஸெட் மற்றொன்று. அந்நாட்டு வழக்கப்படி சம்பளமும் வேலைநிபந்தனைகளும் தொழிலுறவுக் கமிஷன் வழங்கும் அவார்டு என்னும் தீர்ப்பாணையால் நிர்ணயிக்கப்பட்டன. அப்போது பிரதம மந்திரியாயிருந்தவர் பாப் ஹாக். இவர் முன்னர்ப் பத்தாண்டுக்கு மேல் அந்நாட்டுத் தொழிற்சங்கங்களின் மகாசபைக்குத் தலைவராயிருந்தவர். இவருடைய சர்க்கார் அச்சபையோடு 1983 முதல் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, சம்பள உயர்வுகளைக் குறுகிய அளவுக்குள் அடக்கிவந்தது. அவ்வாண்டின் அளவு நூற்றுக்கு 6 என்பதை ஒட்டியிருந்தது. விமானிகளின் சங்கமோ நூற்றுக்கு 29.47 உயர்வு கேட்டது. கடந்த ஆண்டுகளில் தம் சம்பளம் பிறரினும் பின்தங்கிற்றென்பது அவர்கள் வாதம். மற்றத் தொழிலாளர் பொறுமையோடு ஏற்றுக்கொண்ட வரம்பை நல்ல சம்பளம் பெறுவோர் தகர்ப்பதோ என்பது எதிர்வாதம். இரண்டாவதே நாட்டு மக்களின் செவியில் நன்கு ஏறிற்று.

ஆகஸ்டு 18-ஆம் தேதி முதல் விமானிகள் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையே மாத்திரம் பறப்பதென்று தொடங்கினர். கம்பெனிகள் விட்டுக்கொடுக்கவில்லை, விமானிகள்மேல் தனித்தனியே நஷ்டஈட்டு வழக்குத் தொடரத் துணிந்தன. கமிஷனும் அவர்களுடைய அவார்டுகளை ரத்து செய்தது. அக்காலத்து ஆஸ்திரேலியச் சட்டத்தில் வேலைநிறுத்தம் செய்யும் உரிமை எழுத்தில் இல்லை என்பதையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். வீட்டையும் சேமிப்பையும் வழக்கிலே இழக்க அஞ்சிய விமானிகள், சங்கத்தின் ஆலோசனைப்படி ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒருங்கே ராஜிநாமா செய்தனர். 1,600-க்கு மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையை விட்டனர். வேலைக்காரனல்லாதவன்மேல் வேலை மறுத்தான் என்று எவ்வாறு வழக்குத் தொடர்வது என்பது அவர்கள் எண்ணம். இத்தனை பேர் இல்லாமல் ஒரு விமானமும் எழாது. கம்பெனிகள் சில நாளில் இறங்கிவரும் என்றும் கருதினர்.

இவ்விடத்தில் சற்று நின்று நோக்குவது தகும். அவர்கள் ஒன்றாய்ச் செய்த காரியங்களுள் இதுவே மிகப் பெரியது. ஆயின் அதுவே அவர்களைத் தனியராக்கிற்று. வேலையிலிருந்து கொண்டு வேலையை மறுப்பவனுக்கு வேலையின்மேல் உரிமை எஞ்சியிருக்கின்றது. வேலையை விட்டவனுக்கு எஞ்சுவது யாது? அவன் வெளியே நிற்கும் ஒரு விண்ணப்பக்காரன். அவார்டும் இல்லை, பதவியும் இல்லை. பணிமூப்புப் பட்டியல் வெறுங்காகிதமாயிற்று. கம்பெனிகள் இதனை உடனே உணர்ந்தன. தனியொப்பந்தங்களை அச்சிட்டு, சங்கத்தோடு பேச்சில்லை, கையெழுத்திட விரும்புவோர் ஒவ்வொருவராக வரலாம் என்று அறிவித்தன. அயல்நாடுகளிலிருந்தும் விமானிகளை வரவழைத்தன. சர்க்கார் அரசாங்க ஆகாயப்படையின் விமானங்களிற் பிரயாணிகளை ஏற்றிற்று. வெளிநாட்டுக் கம்பெனிகளின் விமானங்கள் உள்நாட்டு ஊர்களுக்கிடையே பறக்கவும் அநுமதியளித்தது. தொழிலாளர் கட்சியின் சர்க்கார், தொழிற்சங்கத் தலைவராயிருந்த பிரதம மந்திரி, ஒரு வேலைநிறுத்தத்தை முறிக்க இராணுவ விமானங்களை அனுப்பிய காட்சி, எக்கட்சியினர்க்கும் இன்பம் தருவதன்று.

சங்கம் ஒரு பிழை செய்தது என்று நாம் துணிந்து கூறுவோம். பிற தொழிற்சங்கங்களின் ஆதரவை முன்னதாகத் தேடாமலே அது போருக்குப் புறப்பட்டது. விமானிகளின் சங்கம் அந்த மகாசபையிற் சேர்ந்ததன்று. ஆதலால் இடருற்றபோது துணைவருவோர் மிகச் சிலராயினர். வெளிநாட்டு வழிகளிற் பறந்த குவாண்டஸ் கம்பெனியின் விமானிகள்கூட 1981-இலேயே பிரிந்து வேறு சங்கம் அமைத்துக்கொண்டிருந்தமையால், இப்போரில் இறங்கவில்லை. கூடிநிற்றலைப் பற்றிப் பேசுவோர், கூடுதலின் எல்லையைத் தம் வாயிற்படியோடு நிறுத்திக்கொண்டால் நேர்வது இது.

நவம்பர் மாதத்தில் விக்டோரியா மாகாணத்துச் சுப்ரீம் கோர்ட்டு சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புக் கூறி, 60 லட்சம் டாலருக்கு மேற்பட்ட நஷ்டஈடு விதித்தது. சிறிது சிறிதாகப் பழைய விமானிகளிற் சிலரும் திரும்பிவந்து கையெழுத்திட்டனர். 1990-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் போராட்டம் ஓய்ந்தது. திரும்பாதோர் பலர் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் வேறு கம்பெனிகளிற் சேர்ந்து, குடும்பத்தோடு பிறநாடு சென்றனர்; சிலர் விமானத்தொழிலையே விட்டொழிந்தனர். கையெழுத்திட்டவர் இன்னார் என்னும் பெயர்ப்பட்டியல் விமானிகளிடையே நெடுங்காலம் கைமாறி வந்தது.

தனியொப்பந்தங்களிற் கண்ட சம்பளம் பழையதினும் குறைந்ததோவெனின், அன்று, உயர்ந்ததே. இதனைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. அவ்வுயர்வுக்கு ஈடாகக் கம்பெனிகள் பெற்றது, விமானி ஒவ்வொருவனும் முன்னையினும் மிகுந்த மணி பறக்க வேண்டுமென்னும் நிபந்தனை. அதனால் விமானிகளின் தொகையைக் குறைத்துக்கொள்ளவும் இயன்றது. பணத்தை விரும்பியவனுக்குத் தனியொப்பந்தம் பணம் கொடுத்தது. தன் வேலைநாள் எப்படி அமைய வேண்டுமென்பதிற் சொல்லும் உரிமையை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது. இவ்விரண்டில் எது பெரிது என்பதில் நம் மாணவர் வேறுபடலாம்.

சட்டம் பின்னர் இருதிசையிலும் அசைந்தது. ஆஸ்திரேலியாவில் 1993-இல் இயற்றிய சட்டம், ஒப்பந்தப் பேச்சு நடக்குங்கால் முறைப்படி செய்யப்படும் வேலைநிறுத்தத்துக்குப் பாதுகாப்பு அளித்தது. 1989-இல் விமானிகளுக்கு அது கிடைத்திருப்பின், அவர்கள் ராஜிநாமாச் செய்ய வேண்டிய அவசியமே நேர்ந்திராது. 1996-ஆம் ஆண்டுச் சட்டமோ தனியொப்பந்தங்களைச் சட்டப்படி ஊக்கியது. 2008-இல் அவ்வகை ஒப்பந்தங்களைப் புதிதாகச் செய்வது நிறுத்தப்பட்டது. அண்டைநாடான நியூஸிலாந்திலும் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் தனியொப்பந்தத்தின் பக்கம் சாய்ந்திருக்க, 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டொப்பந்தத்துக்குப் பழைய இடத்தை ஒருவாறு மீட்டளித்தது.

தனியொப்பந்த முறையை விமானத்தொழிலில் மிக நெடுந்தூரம் கொண்டுசென்றது அயர்லாந்தின் ரயன்ஏர் கம்பெனி எனலாம். 1985 முதல் நடந்துவரும் அக்கம்பெனி முப்பதாண்டுக்கு மேல் எந்த விமானிகள் சங்கத்தையும் அங்கீகரிக்கவில்லை. அதன் விமானிகளுட் பலர் நேரே கம்பெனியின் ஊழியராகவும் இல்லாமல், இடைத்தரகு நிறுவனங்களின் வழியே அமர்த்தப்பட்டனர். ஒவ்வொரு விமானநிலையத்து விமானிகளோடும் கம்பெனி வெவ்வேறாகவே பேசும். 2017 செப்டம்பரில் விடுமுறைக் கணக்குத் தவறியதால் போதிய விமானிகள் இல்லாமற் போக, ஆயிரக்கணக்கான பறப்புகள் ரத்து செய்யப்பட்டன. விடுமுறை நாளிலும் வந்து பறப்போருக்குக் காப்டனாயின் 12,000 பவுன், துணை விமானியாயின் 6,000 பவுன் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. பல நிலையங்களில் விமானிகள் அதனை மறுத்துவிட்டனர். பணம் அவரவர் கைக்குத் தனித்தனியே நீட்டப்பட்டது. மறுப்போ கூடிச் செய்யப்பட்டது. கிறிஸ்துமஸ் காலத்து வேலைநிறுத்தம் நெருங்கவே, அவ்வாண்டு டிசம்பரில் கம்பெனி முதன்முறையாகச் சங்கங்களை அங்கீகரிக்க இசைந்தது. 2018 ஜனவரியில் பிரிட்டனில் விமானிகள் சங்கத்தோடு அதற்கான உடன்படிக்கை முடிந்தது. அங்கீகாரம் வேறு, ஒப்பந்தம் வேறு; அவ்வாண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி அயர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், ஸ்வீடன், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலும் அக்கம்பெனியின் விமானிகள் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்தனர். இம்முறை ஒருவரும் ராஜிநாமாக் கடிதம் எழுதவில்லை.