ஹெட்போனுக்குள் ஒரு துப்பறிதல்

மலாக்காவின் பத்து பெரண்டாம் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பயிற்சி விமானத்தின் இரைச்சல் பழகிப்போன சங்கதி. அதுபோன்ற இரைச்சலை வைத்தே ஒரு விபத்தின் முடிச்சை அவிழ்க்கிறார்கள் தெரியுமா? வாருங்கள், விமானி அறைக் குரல் பதிவைக் கேட்கும் விசாரணை அறைக்குள் எட்டிப் பார்ப்போம்!

கதவு பூட்டியிருக்கும். உள்ளே சிலர் காதில் ஹெட்போனுடன். விமானி அறையின் ஒலி தனித்தனித் தடங்களில் ஓடும்: தலைமை விமானிக்கு ஒன்று, துணை விமானிக்கு ஒன்று, அறை முழுவதையும் பிடிக்கும் மைக்குக்கு ஒன்று. அந்த அறை மைக்தான் என் செல்லம்! பேச்சோடு சுவிட்ச் தட்டும் ‘டிக்’ ஓசை, எச்சரிக்கை மணி, இயந்திரத்தின் உறுமல் எல்லாம் அதில் விழும். உறுமலின் அதிர்வெண்ணை அளந்தே இயந்திரம் எவ்வளவு வேகத்தில் சுழன்றது என்று சொல்லிவிடுகிறார்கள். அப்பப்பா!

அப்படி ஒரு பதிவு சொன்ன கதை இது. 1989 பிப்ரவரி 19, ஞாயிறு விடிகாலை. சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் சுபாங் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது பிளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு விமானம். 2,400 அடிக்கு இறங்கச் சொன்ன கட்டுப்பாட்டு அறை, எண்ணை ‘டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்று உதிர்த்தது. ‘டூ’வை எண்ணாக (two) எடுக்காமல் ‘அந்த உயரத்துக்கு’ (to) என்று எடுத்துக்கொண்ட விமானி, ‘ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்றார். வெறும் 400 அடி! யாரும் திருத்தவில்லை. எந்த வழிமுறையில் தரையிறங்குவது என்பதில் விமானிகளுக்குள்ளேயே குழப்பம். தரை நெருங்குகிறது என்று கருவி கத்தியதும் பதிவாகியிருக்கிறது. பூச்சோங் அருகே குன்றில் மோதி, விமானத்தில் இருந்த நால்வரும் மாண்டார்கள்.

அனைத்துலக விதிப்படி விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. தண்டிப்பது அதன் வேலையே அல்ல. எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை. இன்று 2,400 அடி உயரத்தை ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்றுதான் சொல்ல வேண்டும். தரை எச்சரிக்கை கேட்டால் முதலில் மேலே ஏறு, பிறகு யோசி என்று பயிற்சி தருகிறார்கள். பத்து பெரண்டாமில் பறக்கப் பழகும் பிள்ளைகளும் கோபுரம் சொன்ன உயரத்தை அப்படியே திருப்பிச் சொல்லித்தான் பழகுகிறார்கள். ஜாசின் செம்பனைத் தோட்டத்துப் பையன் ஒருவன் விமானி இருக்கையில் உட்கார்ந்தாலும் இதே பாடம்தான்!

2023 ஆகஸ்டில் சிலாங்கூரின் எல்மினா அருகே சிறு ஜெட் விழுந்து 10 பேர் பலியானபோதும் குரல் பதிவுதான் கைகொடுத்தது. தரை தொட்டபின் மட்டுமே விரிக்க வேண்டிய இறக்கைத் தடுப்புகள் வானத்திலேயே தவறுதலாக விரிக்கப்பட்டன என்று விசாரணை கண்டறிந்தது. அந்த அறிக்கையைப் போக்குவரத்து அமைச்சு வெளியிட்டிருக்கிறது. யாரும் படிக்கலாம். படியுங்கள், நொடிக்கு நொடி இருக்கிறது!