பூட்டு ஈட்டித் தரும் நேரம்

இங்கிலாந்தின் ஒரு நகரத்திலே தச்சர் ஒருவர் அதிகாலையில் வேலைக்குப் புறப்படுகிறார். இரவில் தெருவோரம் நிறுத்தி வைத்த வானை அணுகியதும் அவருடைய கால்கள் தயங்கி நின்றுவிடுகின்றன. வானின் பக்கக் கதவு மேற்புறத்தில் வாழைமட்டை போல வெளியே மடிந்து கிடக்கின்றது. உள்ளே இருந்த இழைப்புளி, வாள், மின்துளைகருவி எவற்றையும் காணோம். காப்புறுதி நிறுவனம் பின்னர் ஒரு தொகையைக் கொடுக்கலாம், கொடாமலும் விடலாம். ஆனால் அன்றைய வேலையும் அந்த வாரத்துக் கூலியும் திரும்பி வரமாட்டா. கருவியை இழந்த தொழிலாளி ஏரை இழந்த உழவனுக்கு ஒப்பானவர்.

இக்காட்சி ஓர் எடுத்துக்காட்டாகவே கூறப்பட்டது. எனினும் பிரித்தானிய நகரங்களில் அண்மைக் காலத்தில் இத்தகைய காலைகள் பல விடிந்துள்ளன. வானுக்கு நேரும் இந்த இன்னலுக்கு அதன் உடன்பிறப்பாகிய மோட்டார்ஹோமும் விலக்கன்று. மோட்டார்ஹோம் என்பது படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்ட ஊர்தி. சில்லுகளின்மேல் அமைந்த சிறு வீடு எனலாம். ஜேர்மனியில் வோக்ஸ்வாகன் நிறுவனம் 1950ஆம் ஆண்டில் தன் வானை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே வெஸ்ட்பாலியா நிறுவனம் அதனுள்ளே பொருத்தத்தக்க படுக்கை, அலுமாரி முதலியவற்றை அமைத்தது. இன்று ஐரோப்பாவில் ஓடும் மோட்டார்ஹோம்களுள் மிகப் பல இத்தாலிய ஃபியாட் டுக்காட்டோ வானின் அடிச்சட்டத்தின்மீது கட்டப்பட்டவை. ஆதலின் வானின் பலவீனங்கள் மோட்டார்ஹோமுக்கும் உண்டு. வீட்டிலே புகும் களவும் வண்டியைக் கொண்டோடும் களவும் அதற்கு ஒரே இரவில் நேரக்கூடும்.

இவ்வாறாயின் நல்லதொரு பூட்டை வாங்கிப் போட்டுவிட்டால் கவலை தீர்ந்துவிடாதா என்னும் வினா எழுவது இயல்பே. இதற்கு விடை காண 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியை நினைவுகூர்வது பயன் தரும். அக்காலத்தில் சப் என்பாரின் பூட்டும் பிராமா என்பாரின் பூட்டும் எவராலும் திறக்க முடியாதவை எனப் புகழ் பெற்றிருந்தன. பிராமாவின் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்னும் அறிவித்தலுடன் அது கடைச் சாளரத்திலே பல ஆண்டுகளாக வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஹொப்ஸ் என்னும் பூட்டு வல்லுநர் சப்பின் பூட்டை ஏறத்தாழ 25 நிமிடங்களிலே திறந்தார். பிராமாவின் பூட்டுக்கோ, 16 நாள்களிலே 51 மணி நேரம் உழைக்க வேண்டியதாயிற்று. இறுதியில் அதுவும் திறந்துகொண்டது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை யாது? திறக்க முடியாத பூட்டு உலகில் இல்லை. ஆனால் 25 நிமிடத்துக்கும் 51 மணி நேரத்துக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. தெருவிலே நிற்கும் திருடனுக்கு 51 மணி நேரம் கிடையாது. 25 நிமிடம்கூடக் கிடையாது. பூட்டு திருடனைத் தடுத்து நிறுத்துவதில்லை; உடையவனுக்கு நேரத்தை ஈட்டித் தருகின்றது. அந்த நேரத்தோடு ஒலியும் ஒளியும் சேருமாயின், திருடன் வேறிடம் நாடிப் போய்விடுவான். ஊர்தியைக் காக்கும் முறைகள் யாவும் இவ்வொரு கருத்தின் கிளைகளே.

முதற் காவல், வண்டி நிற்கும் இடம். இதற்குப் பணம் வேண்டுவதில்லை. வானின் பின்கதவு சுவரை ஒட்டி நிற்குமாறு நிறுத்தினால் அக்கதவைத் திறக்க இடமே இராது. பக்கக் கதவை விளக்கொளியும் வீட்டுச் சாளரமும் நோக்கியிருக்குமாறு நிறுத்துதல் நன்று. மோட்டார்ஹோம் பல மாதங்கள் ஓடாமல் நிற்பது வழக்கமாதலின், அதற்கு வேலியும் காவலும் கண்காணிப்புக் கமராவும் உள்ள காப்பகத்தைத் தேடுதல் விரும்பத்தக்கது.

அடுத்தது கதவு. திருடர் பூட்டைத் தொடாமலே கதவைத் திறக்கும் வழிகளை அறிந்துள்ளனர். நழுவு கதவின் மேல்விளிம்பைப் பற்றி, முழங்காலை நடுவிலே ஊன்றித் தம் உடற்பாரம் முழுவதையும் கொடுத்தால் மெல்லிய தகடு மடிந்துவிடுகின்றது. வேறு சிலர் கைபிடியின் கீழே சிறு துளையிட்டு, உள்ளிருக்கும் கம்பியை அசைத்துப் பூட்டை விடுவிக்கின்றனர். கைபிடியைச் சுற்றி உருக்குத் தகடு பொருத்துவது இரண்டாவது வழிக்கு மாற்று. முதலாவதற்கு, கதவின் மேற்பகுதியை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்கிகளும் மேலதிகப் பூட்டுகளும் உதவும். இம்மேலதிகப் பூட்டுகள் இரு வகையின. ஒன்று, திறப்பைக் கொண்டு பூட்டினாலன்றிப் பூட்டாதது. இரவில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு அது பொருந்தும். மற்றையது, கதவைச் சாத்திய கணத்திலே தானாகவே பூட்டிக்கொள்வது. நாள்தோறும் நூறு வீடுகளுக்குப் பொதி கொண்டு செல்லும் சாரதிக்கு அதுவே ஏற்றது. ஏனெனில், மறதி என்பது திருடனுக்கு உற்ற நண்பன்.

இரவிலே கருவிகளை வீட்டினுள் எடுத்து வைப்பதே யாவற்றிலும் சிறந்த காப்பு. அஃது இயலாதவிடத்து, வண்டித் தளத்தோடு திருகாணியால் இறுக்கப்பட்ட உருக்குப் பெட்டியினுள் வைக்கலாம். ஒவ்வொரு கருவியின் தொடரிலக்கத்தையும் எழுதி வைத்து, புகைப்படமும் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். புறஊதா ஒளியில் மட்டும் தெரியும் மையினாற் பெயரைப் பொறித்து வைப்போரும் உளர். களவுபோன பொருள் பொலிஸாரிடம் சிக்கிய பின்னும், உரியவர் யார் என்று தெரியாமல் அது தேங்கிக் கிடப்பதுண்டு. அடையாளம் அந்தக் குறையைப் போக்கும்.

மோட்டார்ஹோமின் வாழும் பகுதி இன்னும் மென்மையானது. அதன் சாளரங்கள் பெரும்பாலும் கண்ணாடியல்ல. பாரம் குறைந்த அக்ரிலிக் பலகைகள். சிறு கொளுக்கிகளே அவற்றைப் பிடித்து நிற்பன. கூரையிலும் காற்றுக்கான திறப்பு வழிகள் உள. ஆதலின் சாளரங்களுக்கு உட்பூட்டும், வாயிற் கதவுக்கு வெளிப்புறக் கைபிடிப் பூட்டும், சாரதியின் இரு கதவுகளையும் உள்ளிருந்து பிணைக்கும் பட்டியும் பலர் பொருத்துகின்றனர். இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. உள்ளே மனிதர் உறங்குகின்றனர். அடுப்பும் எரிவாயுவும் உள்ளேயே உள்ளன. தீ மூளுமாயின் இருளிலும் புகையிலும் குழந்தைகூட ஒரே இழுப்பில் திறக்கத்தக்கதாக ஒரு வழியேனும் இருத்தல் வேண்டும். திருடனுக்கு அஞ்சி வீட்டாரைச் சிறைப்படுத்தும் பூட்டு காவலாகாது.

கதவு திறந்த பின்பும் வண்டி ஓடாதிருக்கச் செய்வது மூன்றாவது காவல். ஐரோப்பாவில் 1998ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் புதிய கார்கள் யாவும் இம்மொபிலைசர் எனப்படும் இயக்கத்தடைக் கருவியைக் கொண்டிருத்தல் கட்டாயமாயிற்று. பின்னர் வான்களிலும் அது பரவியது. திறப்பினுள்ளே இருக்கும் நுண்சில்லு சரியான குறியீட்டைச் சொன்னாலன்றி எஞ்சின் இயங்காது. இதன் பயன் கண்கூடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1993ஆம் ஆண்டில் பொலிஸ் பதிவேட்டின்படி ஏறத்தாழ 6 இலட்சம் மோட்டார் வாகனங்கள் களவு போயின. இருபது ஆண்டுகளின் பின்னர் அத்தொகை ஓர் இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. காரணங்கள் பல இருப்பினும், இக்கருவிக்கு அதிற் பெரும்பங்கு உண்டு என்பர் ஆய்வாளர்.

ஆயினும் 2018ஆம் ஆண்டளவில் அத்தொகை மீண்டும் ஓர் இலட்சத்தைத் தாண்டியது. திருடனும் புதுப்பாடம் கற்றுக்கொண்டமையே இதற்கு ஒரு காரணம். திறப்பைச் சட்டைப்பையிலே வைத்திருந்தாலே கதவு திறக்கும் வண்டிகள் வந்தன. திறப்பு தரும் மெல்லிய வானொலி அலையை வண்டி கேட்டறிகின்றது. திருடர் இருவருள் ஒருவர் வீட்டு வாயிலருகே ஒரு கருவியைப் பிடிக்க, மற்றவர் வண்டியருகே இன்னொன்றோடு நிற்பர். வீட்டினுள்ளே கிடக்கும் திறப்பின் அலை இக்கருவிகளினூடே வண்டியைச் சென்றடைகின்றது. உடையவர் அருகே நிற்பதாக எண்ணி வண்டி தானே கதவைத் திறந்துவிடுகின்றது. சூரிச் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் 8 நிறுவனங்களின் 10 வகைக் கார்களை இவ்வாறு சோதித்து, ஒன்றேனும் தப்பவில்லை என்று 2011ஆம் ஆண்டிலேயே எழுதினர். 2017ஆம் ஆண்டு நவம்பரில் மேற்கு மிட்லண்ட்ஸ் பொலிஸார் வெளியிட்ட ஒளிப்படச் சுருளில், ஒரு கார் ஏறத்தாழ ஒரு நிமிடத்திலே இம்முறையாற் களவாடப்படுவதைப் பலரும் கண்டனர். வானிலும் மோட்டார்ஹோமிலும் இத்தகைய திறப்பு உள்ளவர்கள், உலோக இழை கொண்ட பையினுள் அதனை வைத்தால் அலை வெளியே செல்லாது. 1836ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபரடே செய்து காட்டிய கூண்டின் தத்துவமே அந்தப் பை.

பொத்தானை அழுத்திப் பூட்டும் சாதாரணத் திறப்புக்கும் ஓர் ஆபத்து உண்டு. திருடர் அருகே மறைந்து நின்று, குறுக்கீட்டு அலையை எழுப்பி, பூட்டும் கட்டளை வண்டியை அடையாமல் தடுப்பர். பொத்தானை அழுத்திய பின் கைபிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதே இதற்குப் போதிய மருந்து. இன்னொரு வகைத் திருடர், முன்விளக்கின் பின்னேயுள்ள கம்பிகளைத் தொட்டு, வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் பாதையிலே பொய்ச் செய்தியைப் புகுத்துகின்றனர். அங்கே அலைகாக்கும் பையினாற் பயனில்லை. சாரதி இரகசிய எண்ணை அழுத்தினாலன்றி எஞ்சினை இயங்கவிடாத மேலதிகத் தடைக்கருவி வேண்டும்.

இங்கே ஒரு விந்தை. இலத்திரனியல் இவ்வளவு வளர்ந்த பின், ஸ்டியரிங் சில்லைப் பிணைக்கும் பழைய இரும்புத் தடி மீண்டும் மதிப்புப் பெற்றுள்ளது. வானொலி அலையால் எதையும் திறக்கக் கற்ற திருடனுக்கு இரும்பை அறுக்க வாளும் நேரமும் வேண்டியிருக்கின்றன. அறுக்கும்போது ஓசையும் எழுகின்றது. கண்ணாடியினூடே அத்தடியைக் கண்டவுடனேயே பலர் திரும்பிவிடுவர். இவற்றையெல்லாம் மீறி வண்டி போய்விட்டால், எங்கே நிற்கின்றது என அறிவிக்கும் இடங்காட்டிக் கருவி தேடலுக்குத் துணை செய்யும். அது களவைத் தடுப்பதன்று. களவின் பின் நம்பிக்கையைத் தருவது.

தேவையான அச்சத்தோடு தேவையற்ற அச்சமும் உலவுகின்றது. பிரான்ஸ், ஸ்பெயின் நெடுஞ்சாலையோரங்களில் உறங்குவோரின் மோட்டார்ஹோமுக்குள் மயக்கவாயுவைச் செலுத்திக் கொள்ளையடிப்பதாக ஒரு செய்தி நெடுங்காலமாகப் பரவி வருகின்றது. உறங்குவோர் அறியாதபடி சாளரத்தினூடே வாயுவை ஊதி அவர்களை நினைவிழக்கச் செய்தல் இயலாது என்பது பிரித்தானிய மயக்கமருந்து மருத்துவர்களின் அரசகல்லூரி வெளியிட்ட கருத்து. அக்கூடத்துக்குள் வாயு காட்டும் கருவி அவசியமே. ஆனால் அது திருடனுக்காக அன்று, கசியும் எரிவாயுவுக்கும் உயிர் குடிக்கும் காபனோரொட்சைட்டுக்குமாகவே.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. பிரித்தானியாவில் 2023ஆம் ஆண்டு கருவிக் களவைத் தடுப்பதற்கென ஒரு சட்டம் நிறைவேறியது. வாகனம் திருட உதவும் இலத்திரனியற் கருவிகளை வைத்திருப்பதையும் விற்பதையும் குற்றமாக்கும் சட்டமூலம் 2025 பெப்ரவரியில் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. ஆயினும் நள்ளிரவில் தெருவிலே நிற்கும் வண்டியின் அருகே சட்டம் வந்து காவல் நிற்பதில்லை.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான்களும், வாடகைக்கு ஓடிக் குடும்பங்களைத் தாங்கும் வான்களும் நிறைந்த இலங்கைக்கும் இப்பாடம் புறம்பானதன்று. விலையுயர்ந்த ஒரே பூட்டை நம்பி உறங்குவதினும், நல்ல இடம், திடமான கதவு, இரும்புத் தடி, மறைவான தடைக்கருவி, எழுதி வைத்த தொடரிலக்கம் எனப் பல சிறு காவல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதே அறிவுடைமை. ஒவ்வொன்றும் திருடனிடமிருந்து ஒரு நிமிடத்தைப் பறிக்கின்றது. அந்நிமிடங்களின் கூட்டுத்தொகையே, மறுநாட் காலையில் ஒரு தொழிலாளி தன் கருவியைத் தன் கையில் எடுப்பதற்கு உறுதுணையாகின்றது.